அத்தாவின் வண்டிக்கு ஊற்றிய தண்ணீர்

கார் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவது இப்போது யாருக்கும் தேவைப்படாத வேலையாகிவிட்டது. திறக்க மூடியே இல்லாத பேட்டரிகள் வருகின்றன. செத்துப்போனால் கொடுத்துவிட்டு வேறு வாங்கிக்கொள்கிறோம். ஊசியில் நூல் கோர்க்கக் கண்ணாடியைத் தேடுகிற நம் வயதுக்காரர்களுக்குத்தான் அந்த வெள்ளை பிளாஸ்டிக் கேன் ஞாபகத்தில் இருக்கும். உங்கள் வீடுகளில் அதைத் திறந்து ஊற்றியது அப்பாவாகவோ டிரைவராகவோ இருந்திருக்கும். எங்கள் வீட்டில் அம்மா ஊற்றினாள். அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. அந்த வண்டியும் எங்கேயும் போகவில்லை.

எங்கள் ஊர் லெப்பைக்குடிக்காடு. பெரம்பலூரிலிருந்து பஸ்ஸில் வந்தால் வெள்ளாற்றுக்கு இக்கரை. அந்த நாளில் எங்கள் தெருவில் ஆண்கள் குறைவு. சவுதி, துபாய், குவைத் என்று சபுர், அதாவது பிழைப்புப் பயணம், போயிருப்பார்கள். அத்தா, என் அப்பா, சவுதியில் ஓர் அரபி வீட்டுக்கு டிரைவர். அந்த வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கும் பெண்களைக் கடைகளுக்கும் கொண்டுபோய்க் கொண்டுவருவது வேலை. வருஷக்கணக்கில் பிறர் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த மனிதர், நான் ஏழாவது முடித்த கோடையில் லீவில் வந்தபோது தனக்கென்று ஒரு பழைய வெள்ளை அம்பாசிடரை வாங்கிவிட்டார்.

அதில் ஒரே ஒரு தடவைதான் தூரமாகப் போனோம். ஜெயங்கொண்டம் தாண்டி, முந்திரிக் காடுகளுக்கு நடுவே, கங்கைகொண்ட சோழபுரம் வரை. பழுத்து விழுந்த முந்திரிப் பழத்தின் புளித்த இனிப்பு வாசனை ஜன்னல் வழியே உள்ளே வந்து சீட்டுத் துணியில் ஏறிக்கொண்டது. அத்தாவின் அண்ணன், எங்கள் பெரியத்தா, முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டார். அம்மாவும் நானும் பெரியம்மாவும் பின்னால். அம்மா வெள்ளைத் துப்பட்டியை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தாள். அத்தா அடிக்கடி மேலே இருந்த கண்ணாடியைப் பார்த்தார். பின்னால் வண்டி எதுவும் வரவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. ஏன் பார்க்கிறார் என்பது தெரியவில்லை.

லீவு முடிகிற வாரத்தில் அத்தா அம்மாவைத் தகரக் கொட்டகைக்குக் கூப்பிட்டு வண்டியின் பானெட்டைத் திறந்தார். சொந்தத்தில் அத்தாவை விட்டால் வண்டி ஓட்டத் தெரிந்த ஆள் அம்மாவின் தம்பி, என் மாமா. அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் காட்டியிருக்கலாம். ஆனால் அத்தா அம்மாவிடம்தான் காட்டினார். கறுப்புப் பெட்டியின் மேல் வரிசையாக ஆறு மூடிகள். ஒவ்வொன்றாகத் திருகி எடுத்து, டார்ச் அடித்து, உள்ளே முங்கிக் கிடந்த தட்டுகளைக் காட்டினார். புளித்த இரும்பு மாதிரி ஒரு நெடி வந்தது.

தட்டு முங்கி நிற்க வேண்டும், அதற்கு மேல் கழுத்துவரை ஊற்றக் கூடாது என்றார். அம்மா என்ன தண்ணீர் என்று கேட்டாள். கிணற்றுத் தண்ணீர் ஆகாது, ஆற்றுத் தண்ணீர் ஆகாது. காய்ச்சி ஆறவைத்தால் என்று அம்மா இழுத்தாள். காய்ச்சினால் கிருமிதான் சாகும், தண்ணீரில் இருக்கிற உப்பு அப்படியே இருக்கும், அது தட்டில் ஏறினால் பேட்டரிக்கு ஆயுசு போச்சு என்றார். பெரம்பலூரில் பேட்டரிக் கடையில் கேனில் விற்கிறதுதான் சரியான தண்ணீர். வெள்ளிக்கிழமைதோறும் மாமா வந்து வண்டியைக் கிளப்பி ஓடவிட்டு நிறுத்துவார். தண்ணீர் பார்ப்பது அம்மாவின் பொறுப்பு.

அத்தா போனபிறகு எங்கள் வெள்ளிக்கிழமைகள் அந்தக் கொட்டகையைச் சுற்றியே நடந்தன. ஜும்ஆ தொழுகை முடிந்ததும் மாமா வருவார். எவ்வளவு குளித்தாலும் புருவத்தில் சுண்ணாம்புத் தூசி மிச்சம் இருக்கும். வண்டி கிளம்பியதும் தகரம் அதிரும். பெட்ரோல் புகையும் சூடான ரப்பர் வாசனையும் கொட்டகைக்குள் நிறையும். நான் பின்சீட்டில் உட்கார்ந்துகொள்வேன். சீட்டு நடுங்கும். வெளியே சுவர் அப்படியே நிற்கும். கால் மணி நேரம் போனதும் மாமா சாவியைத் திருப்பி அணைப்பார். அதற்குப் பிறகு வரும் அமைதி எனக்குப் பிடிக்காது. அணைத்த பிறகும் எஞ்சின் சூடு தணியும்போது டிக் டிக் என்று உள்ளே ஏதோ தட்டிக்கொண்டே இருக்கும்.

சாயங்காலம் அத்தா போன் செய்வார். போன் பெரியத்தா வீட்டுக் கூடத்தில் இருந்தது. முதலில் பெரியத்தா பேசுவார், பிறகு பெரியம்மா, கடைசியில் அம்மா. கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள். அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வாள்.

“ஊத்துனேங்க… கடத் தண்ணிதான்… ம், தட்டு முங்கித்தான் நிக்கிது… மூடி நல்லா இறுக்கிட்டேன்.”

வேறு பேச்சே இருக்காது. பொண்டாட்டி பிள்ளையைவிடப் பேட்டரிதான் அவருக்குப் பெரிசு என்று பெரியம்மா சிரிப்பாள். அம்மாவும் சிரித்துக்கொண்டே துப்பட்டியைச் சரிசெய்வாள். அடுத்த வெள்ளிவரைக்கும் அவள் முகம் அந்தச் சிரிப்பிலேயே இருக்கும்.

தண்ணீர் விஷயத்தில் அம்மா அத்தாவையும் மிஞ்சிப் போய்விட்டாள். எவர்சில்வர் மூடிகளைக் கவிழ்த்து வைத்து, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு வெயிலில் காயவைப்பாள். கிணற்றுத் தண்ணீர் காய்ந்த இடத்தில் சுண்ணாம்பு அப்பியதுபோல வெள்ளைத் திட்டு. ஆற்றுத் தண்ணீர் மெல்லிய வளையம். கடைத் தண்ணீர் காய்ந்தால் எதுவும் இருக்காது. ஆனால் இரண்டாவதாக வாங்கிவந்த கேனில் ஒரு வளையம் தெரிந்தது. கடைக்காரன் காலிக் கேனில் எதையோ பிடித்து விற்கிறான் என்று அம்மா முடிவு செய்தாள். ஐப்பசி மழை பிடித்ததும் அத்தாவின் வெள்ளைக் கைலியை முற்றத்தில் நான்கு முனையும் கட்டி, நடுவில் கூழாங்கல் போட்டு, கீழே பீங்கான் ஜாடி வைத்தாள். முதல் மழையை விட்டுவிட்டாள். கூரையில் பட்ட தண்ணீரைத் தொடவில்லை. அப்படிப் பிடித்ததைச் சர்பத் பாட்டில்களில் ஊற்றி அலமாரியில் அடுக்கினாள். அந்தத் தண்ணீர் காய்ந்த இடத்தில் மூடி பளிச்சென்று இருந்தது. போனில் அதைச் சொன்னாள். மறுமுனையில் அத்தா சிரிப்பது எங்களுக்கே கேட்டது.

அம்மாவின் புடவைகளில் பொட்டுப் பொட்டாக ஓட்டைகள் விழுந்தன. பேட்டரி மூடியைத் திருகும்போது தெறிக்கிற ஆசிட் அப்போது தெரியாது. துவைத்து உதறும்போது ஓட்டை வழியே வெளிச்சம் தெரியும்.

அந்த வருஷ நோன்புப் பெருநாளைக்குப் பிறகு அத்தாவின் போன் வரவில்லை.

முதல் வெள்ளி, லைன் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்றார்கள். அடுத்த வெள்ளியும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். பெரியத்தா நடுநடுவே ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்ப்பார். அந்த ‘ஊ’ என்ற சத்தம் எனக்கும் கேட்கும். லீவில் வந்த ஒருவர், அத்தா அந்த அரபி வீட்டை விட்டுப் போய்விட்டார், பாஸ்போர்ட்டை அரபி தரவில்லை, ஆள் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை என்றார். பங்குனியில் வந்த இன்னொருவர், பாலைவன ரோட்டில் ஒரு வேன் கவிழ்ந்து தமிழ் ஆட்கள் சிலர் இறந்துபோனார்கள், அடையாளம் தெரியாமல் அங்கேயே அடக்கிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதாகச் சொன்னார். அவர் யாரையும் பெயர் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து பெரியத்தா தன் தம்பியைப் பற்றிப் பேசும்போது ‘இருந்தான்’ என்று சொல்ல ஆரம்பித்தார்.

அம்மா வெள்ளிக்கிழமைகளை விடவில்லை. டார்ச் அடித்து மட்டம் பார்ப்பாள், இங்க் ஃபில்லரால் மழைத்தண்ணீர் விடுவாள், மாமா வண்டியைக் கிளப்புவார். கிளம்ப இப்போது நேரமானது. இழுத்து இழுத்து, இருமுகிற ஆள் மாதிரி, கடைசியில் பிடித்துக்கொள்ளும்.

ஒருநாள் மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து தலைவலி என்று வீட்டுக்கு வந்தேன். கொட்டகையைக் கடக்கும்போது டிரைவர் சீட்டில் ஓர் உருவம் தெரிந்தது. ஜன்னலில் பச்சைத் திரை பாதி இழுத்திருந்தது. அத்தாவின் கட்டம் போட்ட சட்டை. ஸ்டியரிங்கில் கை. அத்தா வந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். வந்தவர் ஏன் வீட்டுக்குள் போகாமல் இங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று தோன்றியதும் முதுகு சில்லிட்டது. கிட்டே போய்த் திரையை விலக்கினேன். அம்மா. புடவைக்கு மேலே அத்தாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். மூடிய கண்ணாடிகளுக்குள் வெந்த காற்று. அதில் இன்னும் முந்திரிப் பழ வாசனை இருந்தது. அம்மா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். ஏன் சீக்கிரம் வந்தாய் என்று கேட்கவில்லை. சட்டையைக் கழற்றி மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அந்தக் கோடையில் பெரியத்தாவும் பெரியம்மாவும் ஹஜ்ஜுக்குப் போனார்கள். முன்பே முடிவானது. இப்போது எங்களுக்கு அது அத்தாவைத் தேடிப் போகிற பயணமாகிவிட்டது. அம்மா பெரியத்தாவின் கையில் அத்தாவின் போட்டோவைக் கொடுத்தாள். அவர்கள் போயிருந்த நாட்களில் மழைத்தண்ணீர் பாட்டில்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. வெயிலில் பேட்டரி தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தது. கடைசிப் பாட்டிலில் அடியில் கொஞ்சம் இருந்தபோது அவர்கள் வந்துவிட்டார்கள்.

ஊரே பெரியத்தா வீட்டில் கூடியிருந்தது. அம்மா கூட்டத்துக்குப் பின்னால் நின்றாள். பெரியத்தா அவளைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். மக்காவிலும் மதீனாவிலும் பார்த்த தமிழ் ஆட்களிடமெல்லாம் போட்டோவைக் காட்டியிருக்கிறார். ஒருவரும் பார்க்கவில்லை. பெரியம்மா எல்லோருக்கும் பேரீச்சம்பழமும் ஒரு சின்ன பாட்டிலில் மக்காவின் ஜம்ஜம் கிணற்றுத் தண்ணீரும் கொடுத்தாள். அம்மாவுக்கும் கொடுத்தாள். மற்றவர்கள் அங்கேயே கிப்லா திசையைப் பார்த்து நின்று பிஸ்மி சொல்லிக் குடித்தார்கள். அம்மா குடிக்கவில்லை. பாட்டிலை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு என்னைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

இரண்டொரு நாள் கழித்துப் பெரியத்தா எங்கள் வீட்டுக்கு வந்தார். கீழப்பழுவூரில் அரிசி மில் வைத்திருப்பவர் ஒருவர் வண்டியைக் கேட்கிறார், கொடுத்துவிடலாம் என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, இத்தா இருப்பதைப் பற்றியும் ஒரு முடிவுக்கு வர வேண்டும் என்றார். புருஷன் மௌத்தானால் மனைவி வெளியே வராமல் தனித்திருக்கிற காலம் அது. அதைச் சொன்னால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

அம்மா வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “மௌத்துச் செய்தி வந்துச்சா மச்சான்? வரட்டும். வந்தா இருக்குறேன். அதுக்கு முன்னாடி எதுக்கு?”

அந்த வெள்ளிக்கிழமை மாமா வருவதற்கு முன்னால் அம்மா தொழுகைக்குக் கைகால் கழுவுவதுபோல் ஒளு செய்துகொண்டு கொட்டகைக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். ஆறு மூடிகளையும் திறந்தாள். மழைத்தண்ணீர்ப் பாட்டில் அருகில்தான் இருந்தது. அதை எடுக்கவில்லை. முந்தானையிலிருந்து ஜம்ஜம் பாட்டிலை எடுத்து, உதடு அசைய, ஒவ்வொரு குழியிலும் ஒரு ஃபில்லர் விட்டாள். அத்தா இருக்கிற மண்ணிலிருந்து எங்களுக்கு வந்து சேர்ந்தது அந்தத் தண்ணீர் ஒன்றுதான். இன்று எனக்கு அது புரிகிறது. அன்று நான் பயந்துபோய், அந்தத் தண்ணீரில் உப்பு இருக்குமா என்று கேட்டேன். “இருக்கும்” என்றாள். மூடிகளை இறுக்கினாள்.

மாமா வந்து சாவியைத் திருகினார். டக் என்றது. மறுபடி திருகினார். அதுவும் இல்லை.

மில்காரருக்கு வண்டியைக் காட்டலாமா என்று கேட்கப் பெரியத்தாவும் அப்போது வந்திருந்தார். மாமா பானெட்டைத் திறந்து கம்பிகளை அசைத்துப் பார்த்தார். மட்கார்டு மேலே இருந்த சின்ன பாட்டில் பெரியத்தாவின் கண்ணில் பட்டது. என்ன ஊற்றினாய் என்று கேட்டார். அம்மா மறைக்கவில்லை. பெரியத்தா சத்தம் போடுகிற ஆளில்லை. அன்றும் போடவில்லை. பரக்கத்தான தண்ணீரை ஆசிட்டில் கொண்டுபோய் ஊற்றுகிற அளவுக்குப் புத்தி பேதலித்துவிட்டதே என்று மெதுவாகச் சொன்னார். அந்த மெதுவான குரலில்தான் அம்மா ஒடுங்கிப்போனாள். மாமாவைப் பார்த்தாள்.

“அந்தத் தண்ணியாலதான் நின்னுச்சா?”

மாமா பெரியத்தாவைப் பார்த்தார், பிறகு பேட்டரியைப் பார்த்தார். “வேற தண்ணி உள்ள போயிருச்சுல்லக்கா. அப்பறம் எப்புடிக் கெளம்பும்?”

அம்மா அன்று சாப்பிடவில்லை. அடுத்த நாளும் சரியாகச் சாப்பிடவில்லை. தொழுகைப்பாயில் உட்கார்ந்தவள் எழுந்திருக்க மறந்துபோவாள். ஓதிப் பார்க்க ஆலிம்சாவைக் கூட்டிவந்தார்கள். அவர் ஓதி ஊதிவிட்டுப் போனபின் என்னைக் கூப்பிட்டு மடியில் படுக்கச் சொன்னாள். நான் படுத்ததும், “நாந்தான் கொன்னுட்டேன்” என்றாள். வண்டியைச் சொல்கிறாளா என்று நான் கேட்கவில்லை.

அதன்பிறகு வண்டியை விற்கிற பேச்சில் அவள் குறுக்கே நிற்கவில்லை. மில்காரரின் ஆட்கள் புதுப் பேட்டரியோடு வந்தார்கள். ஒரே திருகலில் வண்டி கிளம்பியது. நாங்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். கேட்டைத் தாண்டி, தெரு முனையில் திரும்பி, ஹாரன் அடித்துக்கொண்டு அது போகிற சத்தம் தேய்கிறவரைக்கும் அம்மா தலையைத் தூக்கவில்லை.

ஐப்பசியில் அத்தா வந்தார்.

பகலில், டவுன் பஸ்ஸில் வந்து இறங்கித் தெருவில் நடந்து வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. பாஸ்போர்ட் இல்லாமல் மாட்டிக்கொண்டவர்களை அந்த நாட்டு அரசு மன்னித்து அனுப்பிய கூட்டத்தில் வந்திருந்தார். நடுவில் எங்கே இருந்தார் என்பது துண்டு துண்டாகத்தான் தெரிந்தது: ஓர் ஆட்டுப் பட்டி, ஒரு தகரக் குடிசை, போன் இல்லாத இடம். பிறகு ஜெயில். தோலின் நிறம் மாறியிருந்தது. பல்லில் இரண்டைக் காணோம். அம்மா வாசலில் அவரைப் பார்த்ததும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. அழவும் இல்லை.

“வண்டிய வித்துட்டோங்க. நான் தப்பான தண்ணிய ஊத்திட்டேன்” என்றாள்.

அத்தா அவள் சொன்னது புரியாத மாதிரி நின்றார்.

வந்தவர் அத்தாதானா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. தெருவில் ஏதாவது கார் வந்து நின்றால் சாப்பாட்டுத் தட்டிலிருந்துகூட எழுந்து நிற்பார். கூப்பிட்டால் திரும்ப நேரமாகும். மில்காரர் ஓட்டிக்கொண்டு போன வண்டிக்குள்தான் என் அத்தா இருக்கிறார், இவர் யாரோ என்று மழை நாட்கள் முழுக்க நம்பிக்கொண்டிருந்தேன். அவர் தலையைத் தடவினால் உடம்பு கூசும். அத்தா மறுபடி எந்த வண்டியையும் தொடவில்லை. பெரியத்தாவின் மளிகைக் கடையில் உட்கார்ந்தார். பெரம்பலூருக்குப் போனாலும் பஸ்தான்.

அம்மா தண்ணீரை மாற்றி ஊற்றியதைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒருநாள் மத்தியானம் சோறு போட்டுக்கொண்டே மறுபடி ஆரம்பித்தாள். அத்தா கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“அடி, பேட்டரி கெட்டா கெட்டுட்டுப் போவுது. போன்ல பேசுறப்ப அண்ணன் ஒன் பக்கத்துல உக்காந்திருப்பாரு. அங்க என் பின்னாடி அம்புட்டுப் பேரு வரிசையில நிப்பான். உன்கிட்ட வேற என்னத்தக் கேப்பேன்?”

அம்மா குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றாள். அந்த ஒருநாள் மட்டும் அவர் பழைய அத்தாவாக எனக்குத் தெரிந்தார்.

அதற்குப் பிறகு அம்மா தண்ணீரைத் தப்பு என்று சொல்வதை நிறுத்திவிட்டாள். வேறொன்று சொல்ல ஆரம்பித்தாள். துக்கம் விசாரிப்பதுபோல் அத்தாவைப் பார்க்க வந்தவர்களிடம், அல்லா வண்டியை எடுத்துக்கொண்டு ஆளைக் கொடுத்துவிட்டான் என்பாள். அந்தத் தண்ணீரை ஊற்றி அவள் கேட்டது அதைத்தான் என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. அத்தா இன்னும் சில வருஷங்கள் எங்களோடு இருந்தார். ஒரு விடிகாலையில் தூக்கத்திலேயே போய்விட்டார். அப்போது அம்மா இத்தா இருந்தாள்.

மாமா இந்தக் கதையைத் திறந்தது வெகுகாலம் கழித்து. சர்க்கரை நோயில் ஒரு காலின் விரல்களை எடுத்துவிட்டு அரியலூரில் வீட்டோடு கிடந்தார். பார்க்கப் போயிருந்தேன். என் வீட்டுக்காரர் வாங்கிய காரைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தவர், திடீரென்று அந்த அம்பாசிடருக்குப் போய்விட்டார்.

“நின்ன எடத்துலயே கால் மணி நேரம் உறுமுனா பேட்டரி எங்க ஏறும்? ரோட்டுல ஓடணும்மா. கெளப்புறதுக்குக் குடுத்ததுகூடத் திரும்பி வந்திருக்காது. மாசிலேர்ந்தே இழுத்துக்கிட்டுத்தான் கெடந்துச்சு. எந்தத் தண்ணி ஊத்தியிருந்தாலும் அன்னிக்கு நின்னிருக்கும்.”

பிறகு ஏன் அம்மாவிடம் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். மாமா கட்டுப் போட்ட காலைப் பார்த்தார். அக்கா அந்த வண்டியைக் கட்டிக்கொண்டு அழுதே செத்துப்போவாள் என்று பயந்தாராம். வண்டி போனால் மனசு ஆறும் என்று நினைத்தாராம். ஒரு வார்த்தை சொன்னது, அவ்வளவுதான் என்றார்.

மறுநாளே லெப்பைக்குடிக்காட்டுக்குப் போனேன். அம்மா கூடத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் மனசிலிருந்து ஒரு பாரம் இறங்கும் என்று நம்பி, மாமா சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். அம்மாவின் விரல்கள் காம்பிலேயே நின்றுவிட்டன.

“அப்ப நான் ஊத்துனதுனால வண்டி நிக்கல?”

“இல்லம்மா.”

முற்றத்து வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பியபோது, நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு மத்தியானம் வண்டிக்குள் பார்த்த முகம் அது.

“அப்ப உங்கத்தாவக் கூட்டிக்கிட்டு வந்தது எது?”

மன்னிப்பு, ஜெயில், கப்பலில் சரக்கு ஏற்றுகிற மாதிரி விமானம் ஏற்றி அனுப்பியது எல்லாம் எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்ததுதான். அவள் கேட்டது அதை அல்ல. அம்மா மறுபடி ஒரு காம்பை எடுத்துக் கிள்ளினாள்.

“ஒன் மாமனுக்குச் சக்கர தலைக்கு ஏறிப்போச்சு. என்ன பேசுறோம்னே தெரியல. இதப் போயி யாருகிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காத.”

சரி என்றேன். அவள் இருந்தவரை யாரிடமும் சொல்லவில்லை. அன்று அம்மா கீரையைத் தள்ளி வைத்துவிட்டு, அஸர் தொழுகைக்கு ஒளு செய்ய எழுந்து போனாள். குழாயைத் திறக்கிற சத்தம் கேட்டது. தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. அவள் அதை வெகுநேரம் மூடவில்லை.